தரையிலிருந்து 14 அங்குலம்: ஜிஎம்சி மோட்டார்ஹோம், ஓர் எளிய அறிமுகம்

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீட்டுக்குத்தான் அங்கே கேரவன் என்று பெயர். அதற்குச் சொந்த இன்ஜின் கிடையாது. இன்ஜின், ஸ்டியரிங், படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் ஒரே கூண்டுக்குள் இருந்தால் அது மோட்டார்ஹோம்.

மோட்டார்ஹோம் வரலாற்றில் பொறியியலுக்காக இன்றும் பேசப்படும் வண்டி ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் லாரி, பஸ் பிரிவான ஜிஎம்சி, மிச்சிகன் மாநிலம் போன்டியாக் நகரில் செய்தது. 1973 முதல் 1978 வரை ஆறு மாடல் ஆண்டுகள்தான் வந்தது. மொத்தம் 12,921 வண்டிகள். இதன் நல்லது கெட்டது எல்லாம் ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை: உள்ளே நாம் நடக்கும் தளத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாலைக்கு அருகே கொண்டுவருவது. அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டால் வண்டியின் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

தளம் ஏன் உயரமாகிறது?

மோட்டார்ஹோம் செய்யும் வழக்கமான முறை, லாரிக்குக் கூண்டு கட்டுவது போலத்தான். நாமக்கல்லிலோ கரூரிலோ பார்த்திருப்பீர்கள்: ஒரு கம்பெனி இன்ஜினோடு சேசிஸை அனுப்பும், பட்டறைக்காரர் அதன் மேல் பாடி கட்டுவார். 1960களின் அமெரிக்காவிலும் இதே கதைதான். சேசிஸ் ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது.

லாரி சேசிஸின் முன்னால் இன்ஜின் இருக்கும். அங்கிருந்து பின்னால் வரை, சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடும். கடைசியில், சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வயிறு பருத்த டிஃபரன்ஷியலோடு குறுக்கே பின் அச்சு. பள்ளம் மேடுகளில் அந்த அச்சு ஏறி இறங்க அதற்கு மேலே காலி இடம் வேண்டும். இத்தனைக்கும் மேலேதான் தளம் போட முடியும். அதனால் இரண்டு மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க ஆறடிக்கு மேல் இடம் விட்டால், வண்டியின் மொத்த உயரம் பத்தடியை நெருங்கும் அல்லது தாண்டும். பாரமெல்லாம் மேலே இருப்பதால் வளைவில் சாயும். பக்கக் காற்றடித்தால் தள்ளாடும்.

இதை மாற்றிப் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். ரே ஃபிராங்க் 1961ல் டாட்ஜ் சேசிஸ் மேல் தன் பெயரிலேயே மோட்டார்ஹோம் விற்கத் தொடங்கினார். பிற்பாடு கண்ணாடியிழை உடலோடு டிராவ்கோ என்ற பெயரில் அது பிரபலமானது. வடிவம் அழகாக உருண்டது, ஆனால் அடியில் இருந்தது லாரி சேசிஸ்தான். 1963ல் கிளார்க் எக்யூப்மென்ட் என்ற ஃபோர்க்லிஃப்ட் கம்பெனி கோர்டெஸ் என்ற வண்டியை முன்சக்கர இயக்கத்தோடு கொண்டுவந்தது. தளத்தைத் தாழ்த்தும் வழியை முதலில் சரியாகப் பிடித்தது அதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஆறு சிலிண்டர் இன்ஜினும் கையால் போடும் கியருமாக அது கொஞ்சம் சோம்பேறி வண்டி. 1966 முதல் ஐயோவாவின் வின்னபேகோ, சதுரப் பெட்டி வண்டிகளை வரிசை உற்பத்தியில் மலிவாகத் தள்ளியது. சந்தையைப் பிடித்தது பெட்டிதான்.

ஜிஎம்சி நுழைந்தது இந்த நேரத்தில். சேசிஸ், இன்ஜின், உடல் மூன்றையும் ஒரே பெரிய வாகன நிறுவனம் தானே வடிவமைத்துச் செய்தது என்பது அந்நாளில் அமெரிக்காவில் வேறு யாருக்கும் இல்லாத வசதி. 1972 மே மாதம் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் நடந்த டிரான்ஸ்போ 72 கண்காட்சியில் வண்டியை உலகம் பார்த்தது. மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. 23 அடி, 26 அடி என்று இரண்டே நீளம். சக்கர இடைவெளி முறையே 140, 160 அங்குலம். இரண்டுக்கும் அகலம் 96 அங்குலம். கூரை மேல் ஏசி இல்லாமல் உயரம் சுமார் 8 அடி. உள்ளே 6 அடி 4 அங்குலம் உள்ளவர் தலை இடிக்காமல் நிற்கலாம். தளம் சாலையிலிருந்து சுமார் 14 அங்குலம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில்

புரொப்பல்லர் ஷாஃப்டை ஒழிக்க வேண்டுமானால் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்க வேண்டும். ஐந்து டன் வண்டியை இழுக்கும் முன்சக்கர அமைப்பு கைவசம் யாரிடம் இருந்தது? ஜெனரல் மோட்டார்ஸிடமே இருந்தது. 1966 மாடலாக ஓல்ட்ஸ்மொபில் பிரிவு வெளியிட்ட டோரனாடோ என்ற சொகுசுக் காரில், பெரிய வி8 இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றியது. 1930களின் கார்டு காருக்குப் பிறகு முன்சக்கர இயக்கத்தோடு வந்த முதல் அமெரிக்கக் கார் அது. அந்த அமைப்பை அப்படியே மோட்டார்ஹோமுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சக்தி போகும் வழியைத் தொடர்ந்து பார்த்தால் அமைப்பு சுலபமாகப் புரியும். இன்ஜின் நீளவாக்கில், சாதாரண லாரியில் இருப்பது போலவே நிற்கிறது. பின்முனையில், இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். வழக்கமாக அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ் நீண்டுகொண்டு போகும். இங்கே கியர்பாக்ஸைத் திருப்பி, இன்ஜினின் இடது பக்கத்தில் ஒட்டி, முகம் முன்னோக்க வைத்துவிட்டார்கள். கன்வெர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சக்தியைக் கொண்டுபோவது 2 அங்குல அகலமுள்ள, சத்தமில்லாத பல்சங்கிலி. கியர்பாக்ஸின் முன்முனையில் டிஃபரன்ஷியல் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. அங்கிருந்து இடது சக்கரத்துக்கு ஒரு அரை அச்சு. வலது சக்கரத்துக்கான அச்சு இன்ஜினின் அடிப்பக்கத்தைக் குறுக்கே கடந்து போகிறது. இயக்கும் பாகங்கள் அத்தனையும் முன்னிருக்கைகளின் அடியிலும் அதற்கு முன்னாலும் அடங்கிவிட்டன. பின்னால் எதுவும் சுழலவில்லை.

கியர்பாக்ஸின் பெயர் டர்போ ஹைட்ராமேட்டிக் 425. மூன்று வேக ஆட்டோமேட்டிக். இன்ஜின் முதலில் 455 கன அங்குலம், அதாவது 7.5 லிட்டர், 265 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். 1977ல் 403 கன அங்குல, 6.6 லிட்டர் இன்ஜினுக்கு மாறினார்கள். டிஃபரன்ஷியல் விகிதம் 3.07, அதாவது கியர்பாக்ஸிலிருந்து 3.07 சுற்று வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சமதள நெடுஞ்சாலைக்கு இது சுகம். மலைச்சாலையில் முழு பாரத்தோடு ஏறும்போது அந்த விகிதம் காருக்கானது என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்றைய உரிமையாளர்கள் பலர் 3.42 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பெட்ரோல் கணக்கு கேட்கக் கூடாது. காலனுக்கு 8 முதல் 10 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் மூன்றரை முதல் நாலே கால் கிலோமீட்டர்.

முன் சஸ்பென்ஷனும் டோரனாடோ வழியில் வந்ததே: சுருள்வில்லுக்குப் பதிலாக, நீளவாக்கில் முறுக்கப்படும் டோர்ஷன் பார். சக்கரம் ஏறினால் கம்பி முறுகும். திரும்ப நிமிரும்போது சக்கரத்தைத் தள்ளும்.

பின்பக்கம்: அச்சே இல்லாத நான்கு சக்கரம்

வண்டியின் உண்மையான புத்திசாலித்தனம் இங்கேதான் இருக்கிறது. பின்னால் சக்தி போக வேண்டியதில்லை என்றானபின், குறுக்கே அச்சும் தேவையில்லை. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன் பின் ஒன்றாக நான்கு சக்கரங்களை வைத்தார்கள். இடப்பக்கச் சக்கரங்களையும் வலப்பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் எதுவும் கிடையாது. நடுவில் இருக்கும் இடம் முழுவதும் தளத்துக்குத்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் கற்பனை செய்யுங்கள். சேசிஸ் சட்டத்தோடு போல்ட் போட்ட ஒரு தாங்கி. அதிலிருந்து இரண்டு இரும்புக் கைகள்: ஒன்று முன்னோக்கி நீள்கிறது, மற்றது பின்னோக்கி. நுனிகளில் சக்கரங்கள். ஒவ்வொரு கைக்கும் தாங்கிக்கு மேலே நிமிர்ந்த ஒரு குட்டிக் கை உண்டு. அந்த இரண்டு குட்டிக் கைகளுக்கும் நடுவே, படுத்த வாக்கில், ஒரே ஒரு காற்றுப் பை. சக்கரம் மேடேறும்போது அதன் குட்டிக் கை பையை நோக்கிச் சாய்ந்து நசுக்கும். ஏத்தம் இறைக்கும் மரம் போல, ஒரு முனை ஏற மறுமுனை நகர்கிறது.

இரண்டு கைகளையும் தள்ளுவது ஒரே பை என்பதால், இரண்டு சக்கரங்களும் எப்போதும் ஏறக்குறைய சம பாரம் சுமக்கும். முன்னால் இருக்கும் சக்கரம் 4 அங்குலக் கல்லில் ஏறினால், பை கொஞ்சம் நசுங்கிக் கொஞ்சம் பின்சக்கரப் பக்கம் நகர்ந்து அதை அழுத்தும். வண்டியின் உடல் அந்த நாலு அங்குலத்தில் பாதிக்கு மேல் உயராது. படுக்கையில் படுத்திருப்பவருக்கு அது தடுக்கல், அவ்வளவுதான்.

காற்றைக் கூட்டிக் குறைக்க வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரெஸர் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இடது, வலது பைகளைத் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். சாய்வான இடத்தில் இரவு தங்கும்போது இது பெரிய வசதி: தாழ்ந்த பக்கத்தை உயர்த்தினால் தட்டில் ஊற்றிய சாம்பார் ஒரு பக்கமாக ஓடாது. முன்பக்கத்துக்கு இந்த வசதி இல்லை. முன்சக்கரம் குழியில் நின்றால் கட்டை வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

ஆறு சக்கரங்களும் ஒரே அளவு. எந்த டயர் போனாலும் ஒரே ஸ்டெப்னி போதும்.

உடலும் உள்ளும்

அடியில் ஏணி வடிவ எஃகுச் சட்டம். அதன் மேல் அலுமினிய விலா எலும்புகள். மேற்பகுதித் தகடுகள் அலுமினியம். முகம், பின்புறம், கீழ்ப் பக்கவாட்டுப் பகுதிகள் கண்ணாடியிழை. தகடுகளை விலாக்களோடு பெரும்பாலும் பசை வைத்தே ஒட்டினார்கள். விலாக்களுக்கு இடையே பாலியூரித்தேன் நுரையைத் தெளித்து நிரப்பினார்கள். வெயிலையும் சத்தத்தையும் தடுக்கும். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள். ஐம்பது ஆண்டு கழித்தும் வெளிப்பக்கம் துருப்பிடிக்காமல் நிற்க அலுமினியமும் கண்ணாடியிழையும்தான் காரணம். துரு வந்தால் அடிச் சட்டத்தில்தான் வரும்.

சுற்றிலும் பெரிய கண்ணாடிகள். அதனால் மேலே அலமாரி வைக்க இடம் குறைவு. சமைக்கும் இடம், கழிவறை, மடக்கினால் சோபாவாகும் படுக்கை என்று உள்ளமைப்பு மற்ற மோட்டார்ஹோம்களை விடப் பெரிதாக வேறுபட்டதில்லை. பின்சக்கரங்களின் மேட்டைப் படுக்கைக்கும் சோபாவுக்கும் அடியில் மறைத்திருக்கிறார்கள். கண்ணில் படாத ஒரு நல்ல யோசனை: இன்ஜினின் சூடான கூலண்ட் நீரைக் குளியல் வெந்நீர்த் தொட்டியின் வழியே சுற்றவிட்டது. நாள் முழுக்க ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தால் வெந்நீர் தயார்.

முதல் இரண்டு ஆண்டு மாடல்களுக்கு கிளேசியர், செக்கோயா, கேனியன் லேண்ட்ஸ், பெயிண்டட் டெசர்ட் என்று அமெரிக்க இயற்கை இடங்களின் பெயர்கள். பிறகு எலிகான்ஸா, பாம் பீச், கிங்ஸ்லி என்று பணக்கார வாடை அடித்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத வெறுங்கூட்டை டிரான்ஸ்மோட் என்ற பெயரில் வேறு கம்பெனிகளுக்கும் விற்றார்கள்.

விற்பனை தொடங்கிய அதே 1973ன் அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போகும் வண்டிக்கு அதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை. ஆனாலும் வண்டி பிழைத்து ஐந்து ஆண்டுகள் ஓடியது. 1979ல் டோரனாடோ காரையே சிறிதாக்கி, புதிய சின்ன கியர்பாக்ஸோடு மாற்றினார்கள். ஐந்து டன் இழுக்கும் கியர்பாக்ஸ் இனி காருக்காகச் செய்யப்படாது. மோட்டார்ஹோமுக்காக மட்டும் அதைச் செய்வது கட்டுப்படியாகாது. 1978 மாடலோடு கதை முடிந்தது. இன்னொருவர் காரின் உதிரிபாகத்தை நம்பி வீடு கட்டினால் வரும் ஆபத்து இது.

எங்கே கெடும், ஏன் கெடும்

முதலில் பெட்ரோல். அடியில் இரண்டு தொட்டிகள், சேர்ந்து சுமார் 50 காலன், அதாவது 190 லிட்டர். ஓட்டுநர் ஒரு சுவிட்சால் எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்று மாற்றலாம். இன்ஜினில் இருக்கும் இயந்திரப் பம்பு பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். குழாய் நீளம், பக்கத்தில் சூடு, போதாக்குறைக்கு இன்றைய பெட்ரோலில் எத்தனால். கோடையில் மலையேறி நின்றபின் இன்ஜின் இருமி அணைந்துவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள். கார்புரேட்டரை மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் நிறைய. நோய் அங்கே இல்லை. தொட்டியின் அருகிலேயே மின்பம்பு வைத்து, பெட்ரோலை உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் இருக்கும், குமிழி கட்டாது. கார்புரேட்டரின் அடியில் வெளிப்புகையைக் கடத்திச் சூடேற்றும் ஒரு வழி இருக்கிறது. வெப்பநாட்டில் ஓட்டுபவர்கள் அதையும் அடைத்துவிடுவார்கள்.

மின்பம்பு வைப்பதற்கு முன் ரப்பர் குழாய்களை மாற்றியாக வேண்டும். 1970களின் ரப்பர் எத்தனாலுக்குத் தாங்காது. உள்ளே உப்பி, வெளியே வெடிக்கும். பழைய குழாயில் அழுத்தம் கொடுத்தால் கசிவு பீய்ச்சலாகும். ஜே30ஆர்9 என்று அச்சிட்ட எரிபொருள் குழாயையே வாங்குங்கள். தொட்டி வாய்க்குப் போகும் பருத்த குழாய், காற்றோட்டக் குழாய்கள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை மறந்துவிட்டு இன்ஜின் பக்கத்தை மட்டும் மாற்றுவது வழக்கமான தவறு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்த வண்டியில் இன்ஜின் மூடி வீட்டுக்குள்ளேயே, இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரைவிரிப்பின் அடியில் இருக்கிறது. தீப்பிடித்தால் அது கூடத்தில் பிடித்த தீ. நுரையும் கண்ணாடியிழையும் வேகமாக எரியும். தீயணைப்புக் கருவி ஒன்று ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்திலும் இன்னொன்று பின்னாலும் இருக்கட்டும்.

455 இன்ஜினின் வெளிப்புகையைச் சேர்த்து அனுப்பும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் விரிசல் விடுவதும் அடிக்கடி காண்பது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, சூடானபின் குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள். சூட்டில் இரும்பு விரிந்து விரிசல் தற்காலிகமாக மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது.

அடுத்து உயரம். புதிதாக வண்டி எடுப்பவர் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. டேப் ஒன்று போதும். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, வழக்கமாக ஏற்றும் சாமானோடு அளக்க வேண்டும். சேசிஸ் சட்டத்தில் முன்னும் பின்னும் நீள்வட்டத் துளைகள் இருக்கின்றன. தரையிலிருந்து துளையின் மேல் விளிம்புக்கு அளந்தால் பின்னால் 11 11/16 அங்குலம், முன்னால் 13 1/8 அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் முன்பின் இருக்கலாம். முதலில் பின்பக்கத்தைக் காற்றால் சரிசெய்யுங்கள், பிறகுதான் முன்பக்கம். பின்பக்கம் மாறினால் முன்பக்க அளவும் மாறும் என்பதால் இந்த வரிசை. முன்பக்கத்தைச் சரிசெய்ய டோர்ஷன் பாரின் முறுக்கைக் கூட்ட வேண்டும். அதற்கென்று உள்ள கருவியால் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் போல்டைத் திருப்ப வேண்டும். பாரத்தோடு திருப்பினால் மரை கழன்றுபோகும்.

உயரம் தவறினால் என்ன ஆகும்? பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து நின்றால் முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அச்சு மூட்டுகளின் கோணமும் மாறித் தேய்மானம் கூடும். வண்டி அலைகிறது என்று அலைன்மென்ட் கடைக்கு ஓடுபவர்களில் பலருக்கு வேண்டியது டேப்தான். உயரத்தைச் சரிசெய்யாமல் செய்த அலைன்மென்ட் வீண் செலவு.

காற்றுப் பை ஓட்டத்தில் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும். இரவு உயரத்தை அளந்து வைத்து, காலையில் மறுபடி அளந்தால் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியும். சோப்பு நீரை இணைப்புகளில் தடவுங்கள். பெரும்பாலும் கசிவு பையில் இருக்காது, குழாய் இணைப்பிலும் வால்விலும்தான் இருக்கும். பையின் ரப்பரில் நூலிழை தெரியத் தொடங்கிவிட்டால் மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். ஓடும்போது பை வெடித்தால் அந்தப் பக்கம் அப்படியே ரப்பர்த் தடுப்பில் உட்கார்ந்துவிடும். மெதுவாக ஓரம் கட்டலாம். ஆனால் நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது வெடித்தால் தப்பிக்க நேரமே கிடையாது. காற்றை நம்பி ஒருபோதும் கீழே நுழையாதீர்கள். சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு வைத்தபிறகே தலையை உள்ளே விடலாம்.

பிரேக்கில் ஒரு பிறவிக் குறை உண்டு, பின்பக்க வடிவத்தின் விலை அது. முன்னால் டிஸ்க், பின்னால் நான்கிலும் டிரம். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. முன்னோக்கி நீண்ட கையை அந்த இழுப்பு கீழே அழுத்தும். பின்னோக்கி நீண்ட கையையோ மேலே தூக்கும். கடும் பிரேக்கில் நடுச்சக்கரங்கள் சாலையில் அழுந்த, கடைசிச் சக்கரங்கள் பாரமிழந்து வழுக்கும் அல்லது துள்ளும். ஆக, நான்கு பின்சக்கரப் பிரேக்கில் அவசரத்துக்கு உதவுவது இரண்டுதான். பிரேக்கின் முறுக்கை அந்தக் கைகள் வாங்காமல், தனிக் கம்பி வழியாகச் சட்டத்துக்கே கடத்தும் டிஸ்க் பிரேக் அமைப்புகள் பின்னாளில் வந்தன. முறையான மருந்து அதுதான். டிரம்மையே வைத்துக்கொண்டால் லைனிங்கையும் சிலிண்டர்களையும் நல்ல நிலையில் வைத்து, முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்ட வேண்டியதுதான்.

முன்சக்கர பேரிங்குகள் இன்னொரு பலவீனம். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் முன்னால் இருப்பதால் அவற்றின் மேல் பாரம் அதிகம். பிரஸ் வைத்துக் கழற்ற வேண்டியிருப்பதால் கிரீஸ் வைப்பதைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். வேகம் கூடக் கூட உறுமல் கூடினால் சந்தேகப்படுங்கள். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பக்கச் சக்கரங்களின் நடுப்பகுதியான ஹப்பையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கணிசமாகச் சூடாக இருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் கழற்றியாக வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஹப் சூடாகும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து இரண்டையும் பிரித்தறியலாம்.

டயர் விஷயம் சுலபம். வண்டி 16.5 அங்குலச் சக்கரத்தோடு வந்தது. அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது அரிது. 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறி, 225/75ஆர்16, ஈ வகைச் சுமைத் தரம் உள்ள டயரைப் போடுவது இன்று பொதுவழக்கம். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நின்றே கிடக்கும் வண்டியில் டயர் தேயாது, ஆனால் வயதாகும். ஏழாண்டு தாண்டியதைத் தூக்கி எறியுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். சன்னல் ஓரங்களும் கூரை ஏசியின் அடியும் ஒழுகும். அலுமினியத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தளத்துக்கு அடியில் இருக்கும் பிளைவுட் ஊறி மெத்தென்று ஆகிவிடும். வாங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்து பாருங்கள், முக்கியமாகக் கதவோரமும் கழிவறை வாசலும். கால் அமுங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, பாதத்துக்குத் தெரியும். பிறகு வெளியே வந்து டார்ச்சோடு கீழே குனிந்து, பின்சக்கரத் தாங்கிகள் சட்டத்தோடு சேரும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்தாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ விலை பேசுவதை நிறுத்திவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கின்றன. செல்லரித்த சட்டத்தை மட்டும் யாரும் பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டார்கள்.